பதினொன்றில் ஒன்று

டிசம்பர் 3, செவ்வாய்

பதினைந்து நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘காப்பி பறிப்பு’ என்று போட்டேன். மேலாளர் ஜபருல்லா பாய் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். காப்பி ஆலையில் வேலை பார்க்கிறவர் காப்பி பறிக்க விடுப்பு கேட்பதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வத்தலக்குண்டிலிருந்து மலைக்குக் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் வந்தேன். உட்கார இடம் கிடைத்தது.

நவம்பர் இரண்டாம் வாரம் வந்த காய்ச்சல் போய்விட்டது. ஜலதோஷம் மட்டும் பாக்கி இருக்கிறது. மூக்கு அடைக்கவில்லை. ஒழுகவும் இல்லை. ஜலதோஷம்தான்.

டிசம்பர் 4, புதன்

வீட்டுக்குப் பின்னால் அறுபத்தொரு காப்பிச் செடிகள் இருக்கின்றன. வருடா வருடம் ஒரு வியாபாரி வந்து பழத்தைப் பறித்துக்கொண்டு போவார். இந்த வருடம் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நானே பறித்து, தோல் உரித்து, ஊறவைத்துக் கழுவி, காயவைத்து, வறுக்கிற பக்குவத்துக்குக் கொண்டுவரப் போகிறேன் என்று என் மனைவி மரகதத்திடம் சொன்னேன்.

“எதுக்கு?” என்றாள்.

“ருசி பாக்குறவனுக்கு அடியிலேருந்து தெரிஞ்சிருக்கணும்ல.”

“இருபத்திரெண்டு வருசம் கழிச்சா?”

நான் பதில் சொல்வதற்குள் தபால் ஆபீஸ் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எங்கள் ஊர்க் கிளைத் தபால் ஆபீஸ் அவள் பொறுப்பில் இருக்கிறது. ஒன்பது மணிக்குத் திறந்தாக வேண்டும்.

என் வேலையைப் பற்றி இந்த நோட்டில் இதுவரை எழுதியதில்லை. விவசாயிகள் கொண்டுவரும் காப்பியிலிருந்து ஒரு பிடி எடுத்து, வறுத்து, அரைத்து, வெந்நீர் ஊற்றி, கரண்டியால் உறிஞ்சிப் பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவேன். எண்பதுக்கு மேல் என்றால் கம்பெனி நல்ல விலைக்கு எடுக்கும். ஒரு கொட்டை அதிகமாகப் புளித்து நாறினாலும் போதும், மூட்டையையே கழித்துவிடுவார்கள். யார் மார்க் போட்டது என்று விவசாயிக்குச் சொல்வதில்லை. தாளில் ‘சுவையாளர் 2’ என்று இருக்கும். அது நான்.

டிசம்பர் 5, வியாழன்

பழம் பறித்த அன்றே தோலை உரித்துவிட வேண்டும். அதற்குக் கையால் சுற்றுகிற மிஷின் ஒன்று உண்டு. பக்கத்தில் அது இருப்பது கல்லுக்குழியில் ஒரு வீட்டில் மட்டும்தான் என்றார்கள். இரண்டு கிலோமீட்டர் மேலே ஏறினேன்.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். பெயர் பூங்காவனம். மிஷின் வேண்டும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க வத்தலக்குண்டுல காப்பிக் கம்பெனிலதான இருக்கீக?”

“ஆமாம்மா.”

“எங்க காப்பியக் கழிச்சுப்புட்டாகண்ணே. புளிச்ச நாத்தம்னு சீட்டுல எழுதியிருந்துச்சு.”

அவர்கள் வீட்டில் எப்போதும் பழமாகவே விற்றுவிடுவார்களாம். இந்த வருடம் நாமே உரித்துக் கழுவிக் காயவைத்தால் நல்ல விலை வரும் என்று இவர்தான் பிடிவாதமாகச் சொல்லி மிஷின் வாங்கவைத்திருக்கிறார். புருஷன் தவமணிக்கு இஷ்டமில்லை. முதல் சாம்பிளே கழிந்துவிட்டது. மூட்டைகளை வந்த விலைக்கு வேறொருவரிடம் தள்ளிவிட்டார்கள்.

“ராத்திரி பகலா பாத்துப் பாத்துக் கழுவுனதுண்ணே. எப்பிடி நாறுச்சுன்னு எனக்கு இன்னமும் வெளங்கல.”

எந்தத் தேதி என்று கேட்டேன். நவம்பர் இருபத்தொன்று, சாம்பிள் நம்பர் ஏழு என்றார். அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன்.

மிஷினை நாளைக் காலையில் தானே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்.

டிசம்பர் 6, வெள்ளி

சும்மாடு கட்டி மிஷினைத் தலையில் வைத்து இறக்கிக்கொண்டு வந்தார். இருபது கிலோ இருக்கும். திண்ணமாகச் சொல்ல முடியாது, நான் தூக்கிப் பார்க்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பறித்தது நாற்பத்திரண்டு கிலோ. சிவந்த பழம் மட்டும். முசுறு எறும்பு கடித்த இடங்கள் பதினான்கு. ஒரு மணிக்கு மரகதம் வந்து சேர்ந்துகொண்டாள். அவள் பறித்தது என்னுடையதைவிட அதிகம். அதை அவள் சொல்லவில்லை.

தண்ணீர்த் தொட்டியில் கொட்டி, மிதந்ததை அரித்து எறிந்தோம். நான் மிஷினைச் சுற்ற, மரகதம் பழத்தைப் போட்டாள். தோல் ஒரு பக்கமும் கொட்டை ஒரு பக்கமும் விழுந்தது. கொட்டையைச் சுற்றி வழுவழுவென்று ஒரு பசை இருக்கும். அது தானாகப் புளித்துக் கரையும்வரை தொட்டியில் மூடிவைக்க வேண்டும். மூடும்போது மாலை ஆறு மணி.

டிசம்பர் 7, சனி

புளிக்கிறது. கை வலி.

டிசம்பர் 8, ஞாயிறு

இந்தக் குளிருக்கு முப்பத்தாறு மணி நேரம் ஆகும் என்று படித்திருக்கிறேன். அதற்கு மேல் விட்டால் நாற ஆரம்பிக்கும். நேரம் எப்போது என்பதை வாடையை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். காலை ஐந்தரைக்கு எழுந்து மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். தொட்டி வெறும் தொட்டியாகத்தான் இருந்தது. மூடிவிட்டேன். ஆறு மணிக்கு மறுபடி திறந்தேன். அப்படியேதான் இருந்தது.

ஆறரைக்குப் பூங்காவனம் வந்தார். வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தார்.

“பதம் வந்துருச்சுண்ணே. இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டீகன்னா நாறிரும்.”

“அதான் நானும் நெனச்சேன்” என்றேன்.

தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துக் கசக்கிக் காட்டினார். வழுக்காமல், கூழாங்கல்லைத் தேய்த்தாற்போல் கரகரவென்று சத்தம் வந்தது. இது வந்துவிட்டால் கழுவ வேண்டியதுதான் என்றார். நான்கு தண்ணீர் விட்டுக் கழுவினோம். வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது.

கிளம்பும்போது முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு கைப்பிடி காய்ந்த கொட்டை.

“இது எங்களுது. கழிச்ச மூட்டையில கொஞ்சம் எடுத்து வச்சிருந்தேன். நீங்க கம்பெனி ஆளு. மோந்து பாத்துச் சொல்லுங்கண்ணே. நாறுதா?”

வாங்கி மூக்கருகே வைத்து இழுத்தேன். இரண்டு தடவை இழுத்தேன்.

“நல்லாத்தான் இருக்கு.”

“பெறகு ஏன் கழிச்சாக?”

“சில சமயம் சாம்பிள் மாறிப்போகும்.”

அப்படி நடப்பதுண்டு. அன்று நடக்கவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

பின்வாசலில் கம்பி வலை கட்டி அதில் பரப்பியிருக்கிறேன். மணிக்கு ஒரு தடவை கிளறிவிட வேண்டும். மாலையில் பனி இறங்குவதற்கு முன் தார்ப்பாயால் மூட வேண்டும்.

கிளறாத நேரத்தில் அலமாரியைச் சுத்தம் செய்தேன். கற்பூரம், யூகலிப்டஸ் தைலம், தலைவலி மருந்து எல்லாம் பழசாகி வாடை போய்விட்டது. மண்ணெண்ணெய்கூடப் பழையதுதான். எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன்.

சாயங்காலம் பார்த்தால் தைலமும் கற்பூரமும் அலமாரியில் பழைய இடத்தில் இருக்கின்றன. மரகதம் எடுத்து வைத்திருக்கிறாள்.

டிசம்பர் 11, புதன்

மிஷினைத் திருப்பிக் கொடுக்க ஜீப்பில் போனேன். பூங்காவனத்திடம் ஒரு விஷயம் பேச வேண்டும் என்று இருந்தேன். அவர் வீட்டில்தான் இருந்தார். மிஷினை இறக்கிவைத்துவிட்டு, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி

மழை. வலையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து முன்னறை முழுக்கப் பாய் விரித்துப் பரப்பினோம். மின்விசிறி போட்டிருக்கிறேன். நடப்பதற்கு ஓரமாக ஒரு அடி வழி விட்டிருக்கிறது. தபால் ஆபீஸ் பையை எடுத்துக்கொண்டு மரகதம் அதில் கால்மாற்றி கால்மாற்றி நடந்து போனாள்.

“வீடே ஈரச் சாக்கு மாதிரி அடிக்குது” என்றாள்.

“நாளைக்கு வெயில் வந்தாச் சரியாயிரும்.”

டிசம்பர் 16, திங்கள்

வெயில் வந்தது. எல்லாம் மறுபடி வலைக்குப் போனது.

பருப்பு வேகவைத்து இறக்கச் சொல்லிவிட்டு மரகதம் ஆபீஸ் போயிருந்தாள். அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து உடைந்த கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்கு அவள் தெருமுனையிலிருந்தே ஓடிவந்தாள். பாத்திரத்தில் பருப்பு கரியாகியிருந்தது. அடுக்களை முழுக்கப் புகை. வேலையில் கவனமாக இருந்ததால் பார்க்கவில்லை என்றேன். நான் பாத்திரத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது உண்மை.

மரகதம் சன்னலைத் திறந்தாள். பிறகு கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாத்திரத்தை நான்தான் தேய்த்தேன். அடி போகவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

சாயங்காலம் மரகதம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “மல்லியப்பூ வாசம் எப்பிடித் தூக்குது பாருங்க” என்றாள்.

“ஆமா” என்றேன். “நல்ல பூ.”

எழுந்து உள்ளே போனாள். தலையில் பூ இல்லை. சாமி படத்திலும் இல்லை. பிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். அதிலும் இல்லை.

டிசம்பர் 18, புதன்

விடுப்பு முடிந்தது. ஜபருல்லா பாய்க்கு போன் செய்து இன்னும் பத்து நாள் கேட்டேன். காப்பி காயவில்லை என்றேன். “இங்க நிவேதிதா ஒத்தையில கெடந்து முழிக்குது. தெனமும் முப்பது சாம்பிள். சீக்கிரம் வாங்க பாண்டி” என்றார். நிவேதிதா ‘சுவையாளர் 3.’ சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. நல்ல மூக்கு.

டிசம்பர் 19, வியாழன்

பூங்காவனம் மணியார்டர் வாங்க வந்ததாக மரகதம் சொன்னாள். ஒரு வியாபாரி அவர்கள் தோட்டத்தை மூன்று வருடத்துக்குக் குத்தகையாகக் கேட்கிறாராம். மரத்திலிருக்கும் பழம் அத்தனையும் அவருக்கு. தவமணி கொடுத்துவிடலாம் என்கிறார். மார்கழி முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். நீ சொன்னதைக் கேட்டு ஒரு தடவை பட்டது போதும் என்று வீட்டில் தினமும் பேச்சாம்.

“அந்தப் புள்ளைக்கு எதுத்துப் பேச ஒண்ணும் இல்லாமப் போச்சு” என்றாள் மரகதம்.

மார்கழி முடிய இன்னும் நாள் இருக்கிறது. கொட்டை காய்ந்ததும் போய்ப் பேசலாம் என்று இருக்கிறேன். இப்போது கடித்தால் இன்னும் நசுங்குகிறது.

டிசம்பர் 22, ஞாயிறு

மேலே இருக்கும் மெல்லிய ஓட்டை உரித்து உள்ளே இருக்கும் பருப்பைக் கடித்துப் பார்த்தேன். பல் வழுக்கியது. காய்ந்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் இரண்டு நாள் கிடக்கட்டும்.

டிசம்பர் 24, செவ்வாய்

காய்ந்துவிட்டது. இன்னும் இரண்டு நாள்.

டிசம்பர் 26, வியாழன்

கிளறிக்கொண்டிருந்தேன். மரகதம் துணி காயப்போட வந்தவள் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள்.

“இதுக்கு மேல காஞ்சா வெறகுதான்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டிசம்பர் 28, சனி

ஓடு நீக்கினோம். உரலில் போட்டு உலக்கையால் பையப் பைய இடிக்க வேண்டும். ஓங்கி இடித்தால் பருப்பு உடைந்துவிடும். நான் இடித்தேன், மரகதம் சொளகில் புடைத்தாள். உமி பறந்து போக, பச்சையும் நீலமுமாகப் பருப்பு மிஞ்சியது. பார்க்க நன்றாக இருந்தது.

புடைத்துக்கொண்டே சொன்னாள். “அன்னைக்கு நான் பூ வாங்கல.”

“தெரியும்.”

“பெருங்காயம் தீந்து பதினெட்டு நாள் ஆச்சு. ரசத்துல ஒண்ணுமே இல்ல. தெனமும் ரெண்டு தடவ ஊத்திச் சாப்புடுறீங்க.”

நான் இடிப்பதை நிறுத்தவில்லை.

“எப்ப இருந்து?” என்றாள்.

சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன். நவம்பர் பதினான்காம் தேதியிலிருந்து எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. காய்ச்சல் விட்ட அன்று போனது. நாக்கு இருக்கிறது. உப்பு, புளிப்பு, கசப்பு, இனிப்பு தெரிகிறது. காப்பிக்கு அது போதாது.

“அப்பறமும் வேலைக்குப் போனீங்களே.”

“ரெண்டு நாள்ல சரியாயிரும்னு நெனச்சேன்.”

“மார்க்கு?”

“போட்டேன்.”

“எப்பிடி?”

“கலரப் பாத்து. கொட்டையோட அளவப் பாத்து. இந்த எடத்துக் காப்பி வழக்கமா இவ்வளவு வாங்கும்னு ஒரு கணக்கு இருக்கும்ல.”

“பூங்காவனத்துது?”

உலக்கையைச் சாய்த்து வைத்தேன். “அன்னைக்குப் பதினோரு சாம்பிள் இருந்துச்சு. எல்லாமே நல்லாருக்குன்னு போட்டாச் சந்தேகம் வரும். பதினொண்ணுல ஒண்ணு கழியிறது வழக்கம். ஏழாம் நம்பர்ல கலர் கொஞ்சம் திட்டுத் திட்டா இருந்துச்சு.”

மரகதம் சொளகைக் கீழே வைத்தாள். நான் மறுபடி உலக்கையை எடுக்கப் போனேன்.

“அந்தப் புள்ள மிஷினத் தலையில தூக்கிட்டு வந்து குடுத்துச்சு” என்றாள்.

மிச்சத்தை அவளே இடித்தாள். தள்ளி நில்லுங்கள் என்று கையைக் காட்டினாள்.

பருப்பு ஏழு கிலோ வந்தது.

டிசம்பர் 30, திங்கள்

முதல் பஸ்ஸில் வத்தலக்குண்டு போனேன். ஜபருல்லா பாய் அறையில் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். நவம்பர் இருபத்தொன்றாம் தேதிச் சாம்பிள்களை மறுபடி பார்க்க வேண்டும் என்றேன்.

“எதுக்கு? நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“அன்னைக்கு எனக்கு மூக்கு இல்ல பாய்.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினார். முழுவதையும் சொன்னேன். பதினான்காம் தேதி முதல் டிசம்பர் இரண்டாம் தேதிவரை நான் பார்த்த நூற்று நாற்பத்தாறு சாம்பிள்களுக்கும் அதே கதைதான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“என்கிட்டச் சொல்லியிருந்தா ஒரு மாசம் வீட்ல இருங்கன்னு சொல்லியிருப்பேனே.”

“பயமா இருந்துச்சு.”

“எதுக்குப் பயம்? நான் என்ன கடிச்சா முழுங்கிருவேன்?”

“எனக்கு வேற வேலை தெரியாது பாய்.”

சாம்பிள் ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் ஆறு மாதம் எடுத்து வைத்திருப்போம். நூற்று நாற்பத்தாறையும் வெளியே எடுக்கச் சொன்னார். முதலில் இருபத்தொன்றாம் தேதி என்றேன். முறைத்துவிட்டுச் சரி என்றார்.

டிசம்பர் 31, செவ்வாய்

பதினொரு சாம்பிள்களுக்கும் வேறு நம்பர் ஒட்டி நிவேதிதாவுக்குக் கொடுத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவு வழியாக அந்தப் பெண் கரண்டியால் உறிஞ்சுவது தெரிந்தது. உறிஞ்சி, கண்ணை மூடி, துப்பி, எழுதி, அடுத்தது. இருபத்திரண்டு வருடம் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். பார்த்ததில்லை.

ஏழாம் நம்பருக்கு எண்பத்து நான்கு. அன்றைய பதினொன்றில் அதுதான் முதலிடம்.

நாறியது மூன்றாம் நம்பர். அதற்கு நான் எண்பத்து மூன்று போட்டிருந்தேன். அந்த மூட்டைகள் மற்றதோடு கலந்து எப்போதோ போய்விட்டன. பாய் தலையைப் பிடித்துக்கொண்டார்.

நிவேதிதா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம் சார். நான் ஓரமா மோந்து பாத்துச் சொல்லியிருப்பேன்” என்றாள். அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆறாம் தேதியிலிருந்து எனக்குக் களத்தில் வேலை. வந்து இறங்கும் காப்பியைக் காயவைக்கிற இடம். சம்பளம், மற்ற நடவடிக்கை பற்றியெல்லாம் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகப் பாய் சொன்னார். மார்க் தாளில் அவரே கையெழுத்துப் போட்டு ஒரு நகல் கொடுத்தார்.

ஜனவரி 2, வியாழன்

மரகதமும் நானும் மதுரைக்குப் போய் மூக்கு டாக்டரைப் பார்த்தோம். வரலாம் என்றார். வராமலும் போகலாம் என்றார். ஆறு மாதம் என்றார். ஆறு மாதத்தில் வந்துவிடுமா என்று மரகதம் கேட்டாள். ஆறு மாதம் கழித்து வந்து பாருங்கள் என்றார்.

வருகிற வழியில் பெருங்காயம் வாங்கினாள்.

ஜனவரி 3, வெள்ளி

கல்லுக்குழிக்கு நடந்தே போனேன். மரகதம் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். அவளும் வற்புறுத்தவில்லை.

பூங்காவனம் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். மார்க் தாளைக் கையில் வைத்திருந்தேன். ‘சுவையாளர் 2’ நான்தான் என்றேன். மூக்கு போனது, நிறத்தைப் பார்த்து மார்க் போட்டது, பதினொன்றில் ஒன்று, எல்லாவற்றையும். அவர் துணியை அலசிப் பிழிந்து வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“அன்னைக்கு எங்க காப்பிய மோந்து பாத்து நல்லாருக்குன்னு சொன்னீகளே.”

“அதுவும் தெரியாமச் சொன்னதுதான்.”

“ரெண்டு தடவ மோந்தீக.”

“ஆமா.”

“இப்ப எவ்வளவு போட்டிருக்காக?”

“எண்பத்து நாலு. நான் போடல. வேற ஒரு பொண்ணு.”

தாளை வாங்கினார். கை ஈரமாக இருந்ததால் ஓரத்தை மட்டும் பிடித்துப் பார்த்தார். பிறகு சொன்னார். “குத்தகைக்குக் கையெழுத்துப் போட்டாச்சுண்ணே. போன வெள்ளிக்கெழம.”

போன வெள்ளி என்றால் டிசம்பர் இருபத்தேழு. எங்கள் கொட்டை இருபத்திரண்டாம் தேதியே காய்ந்துவிட்டது.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேனா என்று இப்போது நினைவில்லை. கேட்டிருந்தாலும் அவர் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

“எங்கிட்ட வந்து சொல்லி என்ன பிரயோசனம்? எங்காப்பி நல்லாத்தான் இருந்துச்சுன்னு எனக்கு உள்ளுக்குள்ள தெரியும். உள்ள வாங்க. எங்க வீட்டுக்காரர்ட்டச் சொல்லுங்க.”

தவமணி கட்டிலில் உட்கார்ந்து ரேடியோவைப் பிரித்துப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து சட்டையைத் தேடினார். “சட்டயெல்லாம் வேணாம், இவர் சொல்றதக் கேளுங்க” என்று பூங்காவனம் சொல்லிவிட்டுக் கதவோரம் நின்றார்.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. தவமணி பாதியில் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். முடித்ததும் தாளை நீட்டினேன். ஒவ்வொரு வரியாக, விரலை வைத்துப் படித்தார்.

“எண்பத்தி நாலா?”

“அன்னைக்கு வந்ததுல அதுதான் ஒசத்தி.”

அவர் பொண்டாட்டியைப் பார்க்கவில்லை. ரேடியோவின் ஒரு திருகாணியை எடுத்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வைத்தார்.

“நான் இவள நெறைய பேசிப்புட்டேன் சார்” என்றார். “அக்கம்பக்கத்துல எல்லார்ட்டயும் சொன்னேன். பொம்பள பேச்சக் கேட்டுக் கெட்டேன்னு.”

“அவுக எல்லார்ட்டயும் இதயும் போய்ச் சொல்லணும்ல” என்று கதவோரமிருந்து குரல் வந்தது.

“சொல்றேன்.”

“எப்ப?”

“நாளைக்குச் சொல்றேன்த்தா.”

குத்தகையை ரத்து செய்ய முடியாதா என்று கேட்டேன். முன்பணம் வாங்கிச் செலவழித்தாகிவிட்டது, எழுத்தும் பதிந்தாகிவிட்டது என்றார் தவமணி. பிறகு அவரே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் முப்பது செடி குத்தகையில் சேரவில்லை என்றார். தூரம் என்று வியாபாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

“அத வேணும்னா இவளே பாத்துக்கிரட்டும். நான் குறுக்க வரமாட்டேன்.”

“அதுல ஒரு மூட்டகூட வராது” என்றார் பூங்காவனம். குரலில் கோபம் இருந்தது. ஆனால் எத்தனை கிலோ வரும் என்று யோசிப்பதும் முகத்தில் தெரிந்தது.

“கொண்டுவந்தா யாரு மார்க்கு போடுவாக?”

“நிவேதிதான்னு ஒரு பொண்ணு. இதப் போட்டதும் அதுதான்.”

“நீங்க?”

“நான் களத்துல இருப்பேன். காயவைக்கிற எடத்துல.”

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். தவமணி என்னை உட்காரச் சொன்னார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் ரேடியோவைப் பற்றிச் சொன்னார். அது தஞ்சாவூர் ஸ்டேஷன் எடுக்கிறதாம், பக்கத்திலிருக்கும் கொடைக்கானலை எடுப்பதில்லையாம்.

பூங்காவனம் ஒரு டம்ளரில் காப்பி கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். எனக்கு மட்டும்தான். நான் குடிக்கும்வரை எதிரிலேயே நின்றார்.

“எப்பிடி இருக்கு?”

தவமணியும் என் வாயைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி அதுதான். எப்போதும் பதில் இருக்கும். நன்றாக இருக்கிறது என்று வாய்வரை வந்தது.

“சூடா இருக்கு” என்றேன். “இனிப்பா இருக்கு. மத்தது தெரியலம்மா.”

பூங்காவனம் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“கடைத்தூளு” என்றார். “பாதிக்குப் பாதி சிக்கரி. எங்க காப்பியத்தான் வித்துப்புட்டமே.”

டம்ளரை வைத்துவிட்டு எழப்போனேன்.

“உக்காருங்க” என்றார். “இன்னும் கொஞ்சம் ஊத்தவா?”

“ஊத்துங்க” என்றேன்.